செவலையின் வலது பக்கம்

போன கார்த்திகையில் ஒரு நாள் காலை, வாசல் தெளிக்கப் போன அம்மா வாளியோடு அப்படியே திரும்பி வந்தாள். "ஏட்டி, இங்க வந்து பாரு. இவளுக்கு ஆப்ரேசன் பண்ணியாச்சுன்னு சொன்னேல்லா? பிறவு எதுக்கு இவனுவ எல்லாம் வந்து நிக்கானுவ?" எட்டிப் பார்த்தேன். எங்கள் தெரு நாய் இரண்டு, பக்கத்துத் தெருவிலிருந்து மூன்று, எங்கிருந்தோ வந்த கறுப்பன் ஒருவன். படிக்கட்டில் செவலை வாலை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு நின்றாள். அவள் காது நுனியில் கருத்தடை செய்ததற்கு அடையாளமாக வெட்டிய வெட்டு வெயிலில் பளிச்சென்று தெரிந்தது.

செவலை எங்கள் வீட்டு நாய் என்று சொல்ல முடியாது. பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் பிறந்து வளர்ந்தவள். மூன்று வீட்டில் சாப்பாடு, எங்கள் வீட்டுப் படியில் தூக்கம். முதல் ஈற்றில் இரண்டே இரண்டு குட்டி போட்டாள், இரண்டையும் ஒரு தோட்டத்துக்காரர் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு, அந்தச் சித்திரையில், நானே பிடித்துக் கொடுத்து ஒரு முகாமில் ஆபரேஷன் செய்யச் சொன்னேன். நாலாம் நாள் கொண்டுவந்து விட்டார்கள். வயிற்றில் ஒரு விரல் நீளத்துக்குத் தழும்பு, காதில் வெட்டு, கையில் ஓர் அட்டை. எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. ஏழு மாதத்தில் இப்படி.

தெருமுனை மளிகைக்கடை அண்ணாச்சி உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "காதை மட்டும் வெட்டிட்டு விட்டிருப்பானுவ. கணக்கு காட்டணும்லா." எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வயிற்றைத் திறந்து தைத்திருக்கிறார்கள், ஆனால் ஒன்றையும் எடுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு இரண்டு நாள் கொதித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கோபத்தில் யாரிடமெல்லாம் என்னென்ன சொன்னேன் என்று இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

இரத்தம் இல்லாத பருவம்

கோபத்துக்கு நடுவில் அம்மா ஒன்றைக் கவனித்திருந்தாள். "முந்தி இவ இப்படி ஆனப்போ படியெல்லாம் சொட்டுச் சொட்டா ரத்தம் கிடக்கும், நான்தான் கழுவி விடுவேன். இப்ப ஒரு சொட்டுகூட இல்லியே." நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மருத்துவரிடம் போனபோது, சொல்ல வேண்டுமே என்று கடைசியில்தான் சொன்னேன். அவர் சட்டென்று நிமிர்ந்து பார்த்தார். "அதை முதல்ல சொல்லிருக்கணும்மா நீங்க" என்றார்.

பெண் நாய்க்குப் பருவம் வரும்போது கசிகிற இரத்தம் கர்ப்பப்பையின் உட்சுவரிலிருந்து வருகிறது. ஆனால் அந்தப் பருவத்தை உண்டாக்குவது கர்ப்பப்பை அல்ல, சினைப்பை. அதிலிருந்து வரும் ஹார்மோன்தான் உறுப்பை வீங்க வைக்கிறது, ஆண் நாய்களைத் தெருத் தெருவாக இழுத்து வருகிற வாசனையைக் கிளப்புகிறது, வாலை ஒதுக்கி நிற்கச் செய்கிறது. வீக்கமும் வாசனையும் இருந்து இரத்தம் மட்டும் இல்லையென்றால், கர்ப்பப்பை போய்விட்டது, சினைப்பை எங்கேயோ மிச்சம் இருக்கிறது என்று சந்தேகப்படலாம். அப்படியானால் முகாமில் ஆபரேஷன் செய்திருக்கிறார்கள். அண்ணாச்சி சொன்னது பொய். என் இரண்டு நாள் கோபத்தின் அடிக்கல் அந்த இடத்திலேயே பெயர்ந்துவிட்டது.

மருத்துவர் ஒரு பஞ்சுக் குச்சியால் செவலையின் பிறப்புறுப்பின் உள்ளிருந்து கொஞ்சம் எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவி, நீலச் சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். சாதாரண நாளில் அந்தச் செல்கள் உருண்டையாக, நடுவில் உட்கரு தெளிவாகத் தெரியும்படி இருக்குமாம். நான் பார்த்தவை தட்டையாக, மூலை மூலையாக, ஓரம் மடங்கி, உடைந்த அப்பளத் துண்டுகளைத் தட்டில் கொட்டியதுபோல் கிடந்தன. உட்கரு இருந்த இடமே பலவற்றில் தெரியவில்லை. ஈஸ்ட்ரோஜன் இருந்தால் மட்டுமே இப்படி ஆகும் என்றார். சினைப்பை எடுத்த நாய்க்கு அந்த ஹார்மோன் இந்த அளவுக்கு வர வழியில்லை.

கருத்தடை செய்த நாய்க்கு மறுபடி பருவம் வருவது அவ்வளவு அபூர்வம் இல்லை. ஆபரேஷனில் சினைப்பையின் ஒரு துணுக்கு உள்ளே தங்கிவிட்டால் போதும், அது மறுபடி இரத்த ஓட்டம் பிடித்து வேலை செய்ய ஆரம்பித்துவிடும். பெரும்பாலும் வலது பக்கத்தில்தான் தங்கும், ஏனென்றால் வலது சினைப்பை இடதைவிடக் கொஞ்சம் முன்னால், விலா எலும்புக்குள் தள்ளி இருக்கிறது, கைக்கு எட்டுவது சிரமம். செவலைக்கும் அப்படி ஒரு துணுக்காகத்தான் இருக்கும் என்று அவர் நினைத்தார். எங்கே என்று பார்க்க ஸ்கேன் எடுக்கலாம் என்றார்.

ஸ்கேன் அறையில்

அந்த அறையில் நடந்ததை நான் இன்னும் நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். செவலையை மல்லாக்கப் படுக்க வைத்து, வயிற்றில் முடியை மழித்து, அந்தக் குளிர்ந்த பசையைத் தடவினார்கள். நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். அவள் என் முழங்கையை நக்கிக்கொண்டே இருந்தாள். மருத்துவர் இடது பக்கம் பார்த்தார், சிறுநீரகம் தெரிந்தது, அளந்தார். வலது பக்கம் போனார். அங்கேயே நின்றுவிட்டார். கருவியைச் சாய்த்து வைத்தார், நிமிர்த்தி வைத்தார், விலா எலும்புகளின் இடுக்கில் வைத்து அழுத்தினார், செவலையை ஒருக்களித்துப் படுக்க வைத்து மறுபடி முதலிலிருந்து பார்த்தார். பத்து நிமிடம் இருக்கும், ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது. கட்டி ஏதோ இருக்கிறது போலிருக்கிறது, அதைத்தான் எப்படிச் சொல்வதென்று யோசிக்கிறார் என்று நினைத்தேன்.

கடைசியில் கையை எடுத்தார். "வலது பக்கம் கிட்னி இல்லம்மா" என்றார். எடுத்துவிட்டார்களா என்று கேட்டேன். என் வாயில் முதலில் வந்தது அதுதான், கிட்னி திருட்டுச் செய்திகளைப் படித்துப் படித்து வளர்ந்த ஊர்க்காரி. "இல்லம்மா, யாரும் எடுக்கல. பிறவியிலேயே இல்ல. இடது கிட்னி பாருங்க, அளவுக்கு மேல பெருசா இருக்கு. ரெண்டு பேர் வேலையை ஒருத்தன் ரொம்ப நாளா செஞ்சிட்டு இருக்கான்." அப்புறம் கொஞ்ச நேரம் சும்மா இருந்தவர், தனக்குத்தானே சொல்வதுபோல், "அப்படின்னா வலது கொம்பும் இருந்திருக்காது" என்றார். ஆபரேஷன் முடிந்து ஏழு மாதத்துக்குப் பிறகு, எடுத்து எறியப்பட்டுவிட்ட ஒரு கர்ப்பப்பை எப்படி இருந்திருக்கும் என்று, அதோடு சம்பந்தமே இல்லாததுபோல் தெரிகிற ஓர் உறுப்பு இல்லாததை வைத்து அவர் கண்டுபிடித்த அந்த நிமிடம் எனக்குப் புல்லரித்துவிட்டது.

நாயின் கர்ப்பப்பை நம்முடையதுபோல் ஒரே பையாக இருக்காது. கவட்டைக் கம்பு மாதிரி இரண்டாகப் பிரிந்திருக்கும். கீழே சின்னத் தண்டு, அதிலிருந்து மேலே போகும் இரண்டு நீண்ட குழாய்கள். அவற்றைத்தான் கொம்பு என்கிறார்கள். செவலை அளவு நாய்க்கு ஒவ்வொரு கொம்பும் 10 முதல் 14 சென்டிமீட்டர் இருக்கும். குட்டிகள் இந்தக் கொம்புகளில்தான் வரிசையாக, காயில் பயறு இருப்பதுபோல் வளர்கின்றன. ஒவ்வொரு கொம்பின் நுனியிலும் ஒரு சினைப்பை, அதற்கு முன்னால் ஒரு சிறுநீரகம்.

இப்போது, குட்டி கருவாக இருக்கும்போது என்ன நடக்கிறது என்று மருத்துவர் ஒரு மருந்துச்சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார். முதுகை ஒட்டி இரு பக்கமும் ஜோடி ஜோடியாகக் குழாய்கள். முதலில் வருவது வோல்ஃப் குழாய். அதிலிருந்து கிளம்புகிற ஒரு மொட்டு தூண்டினால்தான் சிறுநீரகம் உருவாகும். அதன் பிறகு வருவது முல்லர் குழாய். அது வோல்ஃப் குழாயைப் பற்றிக்கொண்டு, கொழுகொம்பைப் பிடித்து ஏறும் கொடிபோல் நீண்டு, பின்னால் கர்ப்பப்பைக் கொம்பாக மாறுகிறது. (இந்தப் பெயர்கள் இரண்டு ஜெர்மானிய விஞ்ஞானிகளுடையவை. முல்லர் தன் ஆய்வை வெளியிட்டது 1830-இல்.) ஒரு பக்கத்தில் கொழுகொம்பே சரியாக வரவில்லையென்றால் கொடியும் இல்லை, சிறுநீரகமும் இல்லை. ஆனால் சினைப்பை இந்தக் கணக்கில் சேராது. அது வேறொரு மேட்டிலிருந்து தனியாக முளைக்கிறது. அதனால் கொம்பு இல்லாத பக்கத்திலும் சினைப்பை இருக்கும், முழுசாக, வேலை செய்துகொண்டு.

செவலைக்கு முதல் ஈற்றில் இரண்டே குட்டி என்று சொன்னேன். முதல் ஈற்றில் குறைவாகப் போடுவது சகஜம்தான், அதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, ஆனாலும் பொருந்துகிறது என்றார்.

இது எவ்வளவு அபூர்வம் என்று வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். 2010-இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் இதழில் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. கருத்தடைக்கு வந்த 32,660 நாய்களில் 15 நாய்களுக்குத்தான் கர்ப்பப்பை பிறவியிலேயே கோளாறாக இருந்திருக்கிறது. அதில் 11 நாய்கள் செவலை மாதிரி ஒற்றைக் கொம்புக்காரிகள். சிலவற்றில் கொம்பு இருக்கும், ஆனால் நடுவில் ஒரு துண்டு மட்டும் உருவாகாமல் அடைத்துப் போயிருக்கும், அதற்கு மேலே நீர் தேங்கிக் குழாய் பலூன்போல் ஊதிவிடும். கோளாறு இருந்தவற்றில் 12 நாய்களுக்குச் சிறுநீரகத்தையும் பார்த்திருக்கிறார்கள், 6 நாய்களுக்கு அதே பக்கம் சிறுநீரகம் இல்லை. சரிபாதி. இன்னொன்றையும் படித்து வியந்தேன்: மினியேச்சர் ஷ்நௌசர் என்ற இனத்தில் சில ஆண் நாய்களின் வயிற்றுக்குள் கர்ப்பப்பை இருக்கிறதாம். ஆண் கருவில் முல்லர் குழாயைக் கரைக்கச் சொல்லும் ஹார்மோனின் பேச்சை அந்தக் குழாய் கேட்காமல் போவதால் அப்படி ஆகிறது.

நான் ஏன் இவ்வளவு பயந்தேன் என்றும் சொல்ல வேண்டும். பின்தெருவில் ஒரு பொமரேனியன் இருந்தது, பிறவிக் கோளாறு ஒன்றும் இல்லாதது, கருத்தடையும் செய்யாதது. பருவம் முடிந்து ஒன்றரை மாதத்தில் வாளி வாளியாகத் தண்ணீர் குடித்தது, சாப்பாட்டை ஒதுக்கியது, வயிறு உப்பியது. கர்ப்பம் என்று நினைத்துப் பால் சோறு வைத்தார்கள். உள்ளே கர்ப்பப்பை முழுக்கச் சீழ். கர்ப்பப்பையின் வாய் மூடியிருந்ததால் வெளியே ஒரு சொட்டும் வரவில்லை. தூக்கிக்கொண்டு ஓடும்போது வழியிலேயே போய்விட்டது. இது கொஞ்சமும் அபூர்வமான நோய் இல்லை. வீட்டு நாய்களுக்குப் பொதுவாகக் கருத்தடை செய்யாத ஸ்வீடனில் எடுத்த கணக்குப்படி, பத்து வயதுக்குள் ஏறக்குறைய நாலில் ஒரு பெண் நாய்க்கு இந்தச் சீழ் நோய் வந்துவிடுகிறது. செவலைக்குக் கர்ப்பப்பையின் அடித்தண்டு கொஞ்சம் மிஞ்சியிருந்து, சினைப்பையும் வேலை செய்தால், அந்தத் துண்டிலேயே சீழ் வைக்கலாம். அதனால் விட்டுவைக்க முடியாது.

எழுதாத ஒரு வரி

உடனே ஆபரேஷன் செய்யவில்லை. பருவம் முடிந்து மூன்று நான்கு வாரம் பொறுக்கச் சொன்னார். அப்போது சினைப்பையில் 'மஞ்சள் திசு' என்று பெயர் வைத்திருக்கிற ஒன்று திரண்டு மேடு மேடாக இருக்கும், தேடுவதற்குச் சுலபம். அதுவரை செவலையை வீட்டுக்குள் கட்டிப் போட்டோம். பின்கட்டில் அவள் ஊளையிட, வாசலில் ஆறு பேர் பதில் சொல்ல, அக்கம்பக்கத்தில் ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை, அதை நான் மறக்க மாட்டேன். இரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவு சரியாக இருந்தது. ஒற்றைச் சிறுநீரகம் என்பதால் மயக்கம் கொடுத்த நேரம் முழுக்க ட்ரிப்ஸ் ஓடியது, வலிக்கு வழக்கமாகப் போடும் மெலாக்சிகாமை விட்டுவிட்டு வேறு மருந்து போட்டார்கள்.

இந்த முறை தழும்பு இரண்டு மடங்கு நீளம். பழைய சின்ன வழியாகப் பார்த்தால் அந்த மேல்மூலை தெரியாது. முடிந்ததும் மருத்துவர் ஒரு ஸ்டீல் கிண்ணத்தைக் கொண்டுவந்து காட்டினார். உள்ளே சினைப்பை. ஊறவைத்த கொண்டைக்கடலையைவிடக் கொஞ்சம் பெரிது, இளஞ்சிவப்பில் மூன்று மேடு, மேல் பக்கம் கொழுப்புப் படலம். துணுக்கே இல்லை, கத்தி படாத முழுச் சினைப்பை. சிறுநீரகம் இருந்திருக்க வேண்டிய இடத்துக்குப் பக்கத்தில், கடைசி விலா எலும்புக்கு அடியில், கொழுப்புக்குள் புதைந்து இருந்திருக்கிறது. இடது பக்கம் முன்பு போட்ட கட்டு சுத்தமாக ஆறியிருந்தது என்றும் சொன்னார். "நல்ல கை. அந்தப் பக்கம் ஒரு குறையும் சொல்ல முடியாது."

முதலில் செய்தவருக்கு என்ன நடந்திருக்கும் என்று அவர் விளக்கியதும் எனக்குப் புரிந்தது. கருத்தடையில் யாரும் சினைப்பையை நேரடியாகத் தேடுவதில்லை. சின்னத் துவாரம் போட்டு ஒரு கொம்பைப் பிடிப்பார்கள், அதைப் பிடித்துக்கொண்டே மேலே போனால் சினைப்பை வரும். பிறகு கீழே இறங்கி, தண்டு பிரியும் இடத்திலிருந்து அடுத்த கொம்பைப் பிடிப்பார்கள். கயிற்றைப் பிடித்து வாளியைத் தூக்குகிற மாதிரி. செவலைக்கு வலது பக்கம் கயிறே இல்லை. கொம்பு இல்லையென்றால் சினைப்பையும் இருக்காது என்று அவர் நினைத்திருக்கலாம், தேடிப் பார்த்துக் கிடைக்காமலும் இருந்திருக்கலாம். அடுத்த மேசையில் அடுத்த நாய்க்கு மயக்க ஊசி போட்டாயிற்று. எவ்வளவு நேரம் தேடுவார்?

ஆபரேஷனில் நடந்ததை நான் முழு மனதோடு மன்னித்துவிட்டேன். என்னால் இன்னும் ஜீரணிக்க முடியாதது வேறு. நான் அந்த முகாம்காரர்களிடம் போய்ப் பதிவேட்டைக் காட்டச் சொன்னேன். நல்லவர்கள், மறைக்காமல் எடுத்துக் கொடுத்தார்கள். செவலையின் எண், தேதி, நிறம், எடை 14 கிலோ, பெண், 'கருத்தடை செய்யப்பட்டது'. குறிப்பு என்ற கட்டம் காலியாக இருந்தது. ஒரு டாக்டர் வயிற்றைத் திறந்து, ஆயிரம் நாய்களில் ஒன்றுக்குக்கூட இல்லாத ஒன்றைத் தன் கண்ணால் பார்த்திருக்கிறார். ஒரு கொம்புதான் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்கவே முடியாது. அந்தக் கட்டத்தில் நாலு வார்த்தை எழுதியிருந்தால், அட்டையைப் படித்த யாராவது அன்றைக்கே ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருப்பார்கள். சிறுநீரகம் ஒன்றுதான் என்பது அப்போதே தெரிந்திருக்கும். செவலைக்கு இடையில் ஒருமுறை கால் சுளுக்கியபோது பக்கத்து வீட்டு அண்ணன் மனிதர்கள் போடும் வலி மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கப் போனார், நான் தற்செயலாகத்தான் தடுத்தேன். டைக்ளோஃபெனாக். இரண்டு சிறுநீரகம் உள்ள நாய்க்கே அது விஷம்.

நான் பத்திரம் எழுதும் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். வில்லங்கச் சான்றில் ஒரு வரி விட்டுப்போனதால் ஒரு குடும்பம் பதினெட்டு வருடம் கோர்ட்டுக்கு அலைந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அதனால்தானோ என்னவோ, அந்தக் காலிக் கட்டம் என்னை இவ்வளவு தொந்தரவு செய்கிறது. அதிலும் தெரு நாய்க்கு ஆஸ்பத்திரி ஃபைல் கிடையாது. காது வெட்டு ஒன்றுதான் அவளுக்குச் சான்றிதழ். அந்த வெட்டைப் பார்த்தால் நாய் பிடிக்கும் வண்டிக்காரர்கள் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள், மறுபடி யாரும் அவள் வயிற்றைப் பார்க்க மாட்டார்கள். வாசலில் ஆறு நாய்கள் வந்து நின்றதை அம்மா பார்த்திருக்காவிட்டால் செவலைக்கு என்ன ஆகியிருக்கும்? அப்படி அம்மா இல்லாத தெருவில் இருக்கிற நாய்க்கு என்ன ஆகும்?

எங்கள் மருத்துவரிடம் எல்லாவற்றையும் அட்டையில் எழுதிக் கொடுக்கச் சொன்னேன். நீலப் பேனாவில் அவர் எழுதியது: வலது கருப்பைக் கொம்பு பிறவியிலேயே இல்லை. வலது சிறுநீரகம் இல்லை. வலது சினைப்பை அகற்றப்பட்டது. வலி மாத்திரை கூடாது. எலிக்காய்ச்சல் தடுப்பூசி வருடந்தோறும். அதன் நகலை முகாம்காரர்களிடம் கொடுத்தேன். அங்கிருந்த பெண் அதைப் படித்துவிட்டு, பதிவேட்டைத் திறந்து, பழைய தேதிக்கு நேராக அந்தக் காலிக் கட்டத்தில் சிவப்பு மையால் முழுவதையும் எழுதினாள். இடம் போதவில்லை, ஓரத்தில் செங்குத்தாக எழுதி முடித்தாள். "இனிமே எல்லாத்துக்கும் ரெண்டு சினைப்பையும் தட்டுல வெச்சு எண்ணிட்டுத்தான் தைக்கணும்னு டாக்டர்ட்ட சொல்றேன்க்கா" என்றாள்.

வருடம் ஒன்று ஆகப்போகிறது. ஒற்றைச் சிறுநீரகத்தோடு நாய்கள் நன்றாகவே வாழும், தண்ணீர் குடிப்பதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அவள் எடைக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டரைத் தொட்டால் உடனே கூட்டி வர வேண்டும். அம்மா இதற்கு ஒரு பழைய அலுமினியச் சட்டியை எடுத்து, அரை லிட்டர் அரை லிட்டராக ஊற்றி, ஆணியால் உள்பக்கம் மூன்று கோடு கீறி வைத்திருக்கிறாள். சாயங்காலம் சட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, அடுக்களைக் காலண்டரில் பால் கணக்குக்குப் பக்கத்தில் பென்சிலால் குறித்துக்கொள்கிறாள். நேற்றைய கட்டத்தில் 'பால் 1, செவல முக்கால்' என்று இருந்தது.